சந்தேகம் தீர்ப்பு ஆகுமா? அலன் டூரிங்கின் வாழ்க்கை

கடந்த வருடம் கிளிநொச்சியில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். 2009இல் ஓமந்தைச் சோதனைச் சாவடி வரிசையில் வைத்து அவருடைய மகனைத் தனியே எடுத்தார்கள். முகத்தை மூடியிருந்த ஒருவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான் நடந்தது என்று அந்த அம்மா சொல்கிறார். அன்றிலிருந்து அவர் செய்த முறைப்பாடுகள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள், மகனின் படங்கள் எல்லாவற்றையும் அவருடைய பெறாமகன் படம்பிடித்து ஒரு பென் ட்ரைவில் போட்டுத் தந்திருந்தான். முந்நூறுக்கும் மேற்பட்ட கோப்புகள். அவற்றைத் திகதி வாரியாகப் பெயர் மாற்றி அடுக்க ஒரு சிறிய செய்நிரலையும் அவனே எழுதி உள்ளே வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் அதை இயக்கினேன். பாதி வேலை முடிவதற்குள் அன்ரிவைரஸ் அதை நிறுத்தியது. செய்நிரலைத் தூக்கித் தனிமைப்படுத்திவிட்டு, அதன் நடத்தை சந்தேகத்துக்குரியது என்று ஒரு வரியில் அறிவித்தது.

கணினி திருத்தும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். இந்த அன்ரிவைரஸுக்கு அந்தச் செய்நிரலின் பெயரோ ஊரோ தெரியாது என்று அவர் விளங்கப்படுத்தினார். குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒன்று மாற்றி எழுதினால், அது கப்பம் கேட்கும் வைரஸைப் போல நடக்கிறது. அப்படி நடப்பவற்றைப் பிடிப்பதற்கு இயந்திரத்தைப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் பிடித்துவிட்டது.

நடத்தையை வைத்துச் சந்தேகப்படுவது என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஓர் இயந்திரம் ஏன் அப்படிச் சந்தேகப்படப் பழக வேண்டும் என்ற கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. அதைத் தேடி வாசித்தபோது, வைரஸ் என்ற சொல்லைக் கணினியோடு சேர்த்து ஒரு நாளும் கேட்டிராத ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போய்ச் சேர்ந்தேன். அவர் 1954இல் இறந்துபோன அலன் டூரிங்.

டூரிங் 1912 ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார். அவருடைய தகப்பன் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பிரித்தானிய சிவில் சேவை அதிகாரி. தாய் பிறந்தது கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தனூரில். தாய்வழிப் பாட்டனார் சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர். பெற்றோர் வேலைக்காக மறுபடி இந்தியாவுக்குப் போக, டூரிங்கும் தமையனும் இங்கிலாந்தின் தென்கரையில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்தார்கள். பெற்றோரைப் பல காலம் கடிதத்தில் மட்டும் கண்ட பிள்ளை அவர்.

பாடசாலையில் அவருக்கு நெருக்கமாக இருந்த ஒரே நண்பன் கிறிஸ்டோபர் மோர்கம், 1930இல் காசநோயால் இறந்தான். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நண்பன் செய்ய நினைத்தவற்றைத் தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் டூரிங்கை விட்டுப் போகவில்லை. 1931இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார்.

1936இல் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைய கணினியின் அடித்தளம். நீளமான ஒரு நாடாவில் குறிகளை வாசித்து, அழித்து, எழுதும் ஒரு கற்பனை இயந்திரத்தை அதில் விபரித்தார். சரியான கட்டளைகளைக் கொடுத்தால் அந்த ஒரே இயந்திரம் வேறு எந்த இயந்திரத்தின் வேலையையும் செய்யும் என்று காட்டினார். அதே கட்டுரையில் அதன் எல்லையையும் காட்டினார். எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும், அது கடைசியில் என்ன செய்யப்போகிறது என்பதை முன்கூட்டியே பிழையின்றிச் சொல்லக்கூடிய பொதுவான வழி கிடையாது.

இதைச் சாதாரணமாக இப்படி விளங்கிக்கொள்ளலாம். எல்லாச் செய்நிரல்களையும் வாசித்து நல்லது, கெட்டது என்று பிழையில்லாமல் சொல்லும் ஒரு பரிசோதகர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் ஒரு செய்நிரல் எழுதுகிறேன். அது முதலில் அந்தப் பரிசோதகரிடமே தன்னைப் பற்றிக் கேட்கும். கெட்டது என்று அவர் சொன்னால் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும். நல்லது என்று சொன்னால் கெடுதல் செய்யும். பரிசோதகர் எதைச் சொன்னாலும் பிழைத்துப்போகும். கணினி வைரஸ்கள் தலைகாட்டத் தொடங்கிய 1980களில், அமெரிக்கரான பிரெட் கோஹன் இப்படிப்பட்ட வாதத்தை வைத்தே, எல்லா வைரஸ்களையும் பிழையின்றிப் பிடிக்கும் கருவி ஒருபோதும் சாத்தியமில்லை என்று நிறுவினார்.

அப்படியானால் மிஞ்சுவது அனுமானம். எந்தப் பரிசோதனையும் கொஞ்சம் பிழைவிடத்தான் செய்யும். அனுமானத்தை எப்படி ஒழுங்காகச் செய்வது என்பதைப் போர்க்காலத்தில் காட்டியவர்களில் ஒருவரும் டூரிங்தான்.

ஜேர்மனி மீது பிரித்தானியா போர் அறிவித்ததற்கு மறுநாள், 1939 செப்டெம்பர் 4 அன்று, அவர் பிளெட்ச்லி பார்க்கில் இருந்த இரகசியக் குறியீட்டு நிலையத்துக்கு வேலைக்குப் போனார். ஜேர்மன் படைகள் எனிக்மா என்ற இயந்திரத்தால் செய்திகளைக் குழப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. போலந்துக் கணிதவியலாளர்கள் அதற்கு முன்பே எனிக்மாவை உடைத்து, தங்கள் வழிமுறைகளைப் பிரித்தானியாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அடிப்படையில் டூரிங் 'பொம்ப்' என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேலும் மேம்படுத்தினார். முரண்பாடு வருகிற அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, மிஞ்சும் சிலவற்றை மட்டும் மனிதரிடம் கொடுப்பது அதன் வேலை.

கடற்படை எனிக்மா இன்னும் கடினமானது. எட்டுச் சக்கரங்களில் மூன்றைத் தெரிந்து வரிசையாகப் பொருத்த 336 வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் சோதிக்க இயந்திரங்கள் போதாது. அதற்கு டூரிங் கண்டுபிடித்த வழிக்கு 'பான்பரிஸ்மஸ்' என்று பெயர். அதற்கு வேண்டிய நீண்ட தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சானதால் வந்த பெயர் அது. இரண்டு செய்திகளைத் தாளில் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எத்தனை எழுத்துகள் ஒரே இடத்தில் ஒத்துப்போகின்றன என்று எண்ணுவார்கள். ஓர் ஒற்றுமை எதையும் நிரூபிக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய எடை உண்டு. அந்த எடையை அளக்க 'பான்' என்ற அலகையும், அதில் பத்தில் ஒரு பங்கான 'டெசிபான்' என்ற அலகையும் பயன்படுத்தினார்கள். எடைகளைக் கூட்டிக்கொண்டே போய், போதியளவு சேர்ந்த பிறகுதான் ஓர் அனுமானத்தை இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். அனுமானம் பிழை என்றால் இயந்திரம் காட்டிக்கொடுக்கும். அவர்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

என் மடிக்கணினியில் இருந்த அன்ரிவைரஸும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. பழைய முறையில், தெரிந்த வைரஸ்களின் கைரேகை போன்ற அடையாளங்களைப் பட்டியலில் வைத்து ஒப்பிட்டார்கள். வைரஸ் எழுதுபவர்கள் ஒவ்வொரு பிரதியிலும் உருவத்தைச் சற்று மாற்றத் தொடங்கியதும் பட்டியல் மட்டும் போதாமல் போனது. அதனால் இப்போது செய்நிரலை ஓடவிட்டு, சிலவேளை பூட்டிய அறை போன்ற ஒரு போலிக் கணினிக்குள் ஓடவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். கணினி தொடங்கும்போது தானும் தொடங்கும்படி தன்னைப் பதிந்துகொள்கிறதா? வேறு செய்நிரலின் நினைவகத்துக்குள் கை வைக்கிறதா? தெரியாத முகவரிக்குத் தகவல் அனுப்புகிறதா? கோப்புகளை வரிசையாக மாற்றுகிறதா? இவற்றில் பலவற்றை நல்ல செய்நிரல்களும் செய்யும். நல்லவையும் கெட்டவையுமான ஏராளமான உதாரணங்களைக் காட்டி, எந்தச் செயலுக்கு எவ்வளவு எடை என்பதை இயந்திரத்தையே கற்கவைக்கிறார்கள். மொத்த எடை ஒரு கோட்டைத் தாண்டினால் பிடித்துவிடும்.

இயந்திரம் அனுபவத்திலிருந்து கற்க வேண்டும் என்பதும் டூரிங் பேசிய விடயம்தான். 1947இல் இலண்டனில் ஓர் உரையில் அதைச் சொன்னார். 1948இல் அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர் வேலை செய்த ஆய்வுகூடத்தின் பணிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகே அது அச்சுக்கு வந்தது. 1950இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற கட்டுரையில், பிள்ளையைப் போன்ற ஓர் இயந்திரத்தை உருவாக்கிப் படிப்பிக்கலாம் என்றார். அப்படிப் படிப்பிக்கும் ஆசிரியருக்கு இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாமலே இருக்கும் என்றும் அதில் எச்சரித்தார். இன்றும் அதுதான் நிலைமை. பிடித்துவிட்டேன் என்று இயந்திரம் சொல்லும். ஏன் என்று கேட்டால் தெளிவான பதில் வருவது அரிது.

கோட்டை எங்கே கீறுவது என்பது இன்னொரு சிக்கல். ஓர் உதாரணக் கணக்கு. 1,00,000 செய்நிரல்களில் 10 மட்டுமே கெட்டவை என்று வைப்போம். நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் பிழையாகப் பிடிக்கும் கருவி மிக நல்ல கருவி என்றே தோன்றும். ஆனால் அது 10 கெட்டவற்றோடு சேர்த்து ஏறத்தாழ 1,000 நல்லவற்றையும் பிடித்து வைத்திருக்கும். தேடப்படுபவர்கள் சிலராகவும் நிறுத்தப்படுபவர்கள் ஊராகவும் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கணக்குப் பொருந்தும். சுற்றிவளைப்புகளில் மைதானத்தில் குந்தியிருந்தவர்களுக்கு இதைக் கணக்காகச் சொல்ல வேண்டியதில்லை.

டூரிங்கின் நடத்தையும் வழக்கத்துக்கு மாறானதுதான். மகரந்த ஒவ்வாமைக்காக நச்சுவாயு முகமூடி அணிந்து சைக்கிள் ஓடினார். தேநீர்க் கோப்பையைச் சங்கிலியால் கட்டிவைத்தார். மரதன் ஓட்டத்தை 1947இல் 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார். பிளெட்ச்லி பார்க்கில் இவற்றை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, அங்கே வேலைதான் முக்கியம். அவருடைய அணி உடைத்த செய்திகளால் அத்திலாந்திக் கடலில் ஜேர்மன் நீர்மூழ்கிகளைத் தவிர்த்து எத்தனையோ கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. எல்லாம் அரச இரகசியம். 1970கள் வரை வெளியுலகுக்குத் தெரியாது.

1952 ஜனவரியில் அவருடைய வீட்டில் களவு போனது. பொலிஸில் போய் முறையிட்டார். விசாரணையில், ஓர் ஆணோடு அவருக்கு இருந்த உறவு வெளியே வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. முறைப்பாட்டாளராகப் போனவர் குற்றவாளியாக வெளியே வந்தார். ஆணும் ஆணும் உறவுகொள்வதை 1885ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று குற்றமாக்கியிருந்தது. 1952 மார்ச் 31 அன்று தண்டனை விதித்தார்கள். சிறையா, ஒரு வருடம் ஹோர்மோன் ஏற்றும் சிகிச்சையா என்று தெரிவு கொடுக்கப்பட்டது. இரண்டாவதைத் தெரிந்தார். இரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது. அவரைப் போன்றவர்கள் எதிரிக்கு விலைபோகக்கூடும் என்பது அன்றைய அரசின் கணக்கு. டூரிங் என்ற தனிமனிதர் நாட்டுக்கு என்ன செய்தார் என்று அந்தக் கணக்கில் யாரும் பார்க்கவில்லை. ஒரு வகைக்குள் அவரைப் போட்டார்கள், அந்த வகைக்குரிய சந்தேகம் அவர் மேல் விழுந்தது. அந்தச் சட்டத்துக்கு உறவான காலனித்துவப் பிரிவுகள், 365, 365அ என்ற இலக்கங்களோடு, எங்கள் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையில் இன்னும் இருக்கின்றன.

1954 ஜூன் 7 அன்று, 42 வயதாவதற்கு முன், வில்ம்ஸ்லோவில் இருந்த தன் வீட்டில் சயனைட் நஞ்சால் அவர் இறந்தார். மரண விசாரணை தற்கொலை என்றது. தாய் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை, விபத்து என்றே சொல்லிவந்தார். 2009இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசெம்பரில் அரச மன்னிப்பு வந்தது. 2021இல் 50 பவுண் தாளில் அவருடைய படம் வந்தது. எதுவும் அவருடைய கண்ணில் படவில்லை, தாயின் கண்ணிலும் படவில்லை.

பிளெட்ச்லி பார்க்கில் ஓர் அனுமானம் பிழைத்தால் திரும்பிப் பார்க்க ஓர் இயந்திரம் இருந்தது. அதை வடிவமைத்தவர் மேல் ஒரு சந்தேகம் விழுந்தபோது திரும்பிப் பார்க்க ஆள் இருக்கவில்லை. அவருடைய கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். சந்தேகப்படாமல் எந்தப் பாதுகாப்பும் நடக்காது, பிழைவிடாத சந்தேகமும் கிடையாது. அதனால் சந்தேகப்படுகிற இடத்திலேயே திரும்பி வரும் வழியையும் வைக்க வேண்டும். இன்று ஆட்களின் தொலைபேசிப் பாவனையையும் முகங்களையும் பயணங்களையும் வைத்து எடைபோடும் இயந்திரங்கள் பல நாடுகளில் வந்துவிட்டன. அவை எங்கள் ஊருக்கு வரும்போது, எவ்வளவு சரியாகப் பிடிக்கும் என்று மட்டும் கேட்டால் போதாது. பிழையாகப் பிடிபட்டவர் யாரிடம் போவார், எத்தனை நாளில் பதில் வரும் என்றும் கேட்க வேண்டும்.

பெறாமகனின் செய்நிரலை அந்தத் தம்பி வரி வரியாக வாசித்தார். கெடுதல் ஒன்றும் இல்லை. தனிமைப்படுத்தலிலிருந்து எடுத்து அனுமதிப் பட்டியலில் சேர்த்தார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. மறுபடி இயக்கியதும் முந்நூறுக்கு மேற்பட்ட கோப்புகளும் திகதி வாரியாக வந்து அடுங்கின. முதலாவது 2009இல் கையால் எழுதிய ஒரு முறைப்பாடு. அதற்குக் கீழே இருந்த எந்தக் கடிதத்துக்கும் அந்த அம்மாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.