காதல் மன்னன் காஸனோவாவும் கைபேசிக் காலமும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், ஆனால் விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் வேண்டாம், அதைப் பற்றி ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள் என்றார்கள். நான் இந்தக் கல்லூரியில் 1981 முதல் 1984 வரை பி.ஏ. வரலாறு படித்தவன். அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சரி, சாம்பார் வேண்டாம் என்றால் வரலாற்றிலிருந்தே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வருவோம் என்று முடிவு செய்தேன். அந்த ஆள் காஸனோவா.

எங்கள் செட்டில் ஒரு நண்பனுக்கு இதுதான் பட்டப்பெயர். காஸனோவா யார் என்று பெயர் வைத்த எங்களுக்கும் தெரியாது, பெயர் வாங்கினவனுக்கும் தெரியாது. பெண்களை மயக்குகிற மைனர், அவ்வளவுதான் நாங்கள் அறிந்தது. அவனும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெருமையாகத் திரிந்தான்.

ஓய்வு பெற்ற பிறகு நேரம் நிறையக் கிடைத்தது. அந்த மனிதரின் சுயசரிதையை ஆங்கிலத்தில் 12 பாகமும் படித்து முடித்தேன். சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, கடைசியில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வந்தது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோஞ்சான் பிள்ளை

ஜியாகோமோ காஸனோவா 1725 ஏப்ரல் 2-ஆம் தேதி வெனிஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே நாடக நடிகர்கள். எட்டு வயது வரை மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்த நோஞ்சான் பிள்ளை. அதே வயதில் அப்பா போய்விட்டார். அம்மா நடிப்பதற்காக ஊர் ஊராகப் போனவர். பாட்டிதான் வளர்த்தார். ஒன்பது வயதில் படிப்பதற்காகப் பதுவா நகரத்துக்கு அனுப்பினார்கள். தங்கிய இடத்தில் அழுக்கும் பட்டினியும்தான். விடுதிச் சாப்பாட்டைக் குறை சொன்ன நாமெல்லாம் கொடுத்து வைத்தவர்கள்!

பையன் படிப்பில் கெட்டி. பதுவா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பாதிரியார் ஆகப் பார்த்தார், சரிப்படவில்லை. ராணுவ உடை போட்டார், அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் நாடகக் கொட்டகையில் வயலின் வாசித்துப் பிழைத்தார். 1746-இல் ஒரு திருப்பம். பிரகதின் என்ற பெரிய மனிதர் படகில் போகும்போது பக்கவாதம் வந்து சாய்ந்துவிட்டார். கூட இருந்த காஸனோவா இரவு பகலாகப் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றினார். பெரியவர் அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு மாதாமாதம் பணமும் கொடுத்தார். 21 வயதில் யோகம் அடித்துவிட்டது!

ஆனால் ஆட்டம் அதிகமாகப் போயிற்று. 1755-இல் வெனிஸ் அரசு அவரைப் பிடித்து, அரண்மனைக் கூரையின் ஈயத் தகடுகளுக்கு அடியில் இருந்த சிறையில் போட்டது. 15 மாதம் கழித்து, 1756 அக்டோபர் 31 இரவு, ஒரு துறவியோடு சேர்ந்து கூரையைத் துளைத்துக்கொண்டு தப்பினார். அந்தச் சிறையிலிருந்து தப்பிப்பது என்பது சாமானியமான காரியம் இல்லை. பாரிஸ் போனார். பிரெஞ்சு அரசாங்கத்துக்கு லாட்டரி நடத்தும் யோசனையில் பங்குகொண்டு, 1758-இல் அதில் நல்ல காசும் பார்த்தார்.

இன்றைக்கு டேட்டிங் ஆப்பில் போட்டோவும் நாலு வரியும் போட்டு புரொஃபைல் என்கிறோமே, காஸனோவாவுக்கு அந்தச் சிறைக் கதைதான் புரொஃபைல். எந்தப் பெரிய வீட்டு விருந்துக்குப் போனாலும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். முழுசாகச் சொல்ல இரண்டு மணி நேரம் வேண்டும், அதற்குக் குறைந்தால் சொல்லமாட்டார். பெயருக்கு முன்னால் செவாலியே என்றும் போட்டுக்கொண்டார். செவாலியே என்றதும் நமக்கு நடிகர் திலகம் நினைவுக்கு வருவார். அவருக்கு 1995-இல் பிரெஞ்சு அரசு கொடுத்தது. இவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார்! அந்தப் புதுப்பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு ஊர் அதிகாரி கேட்டதற்கு, எழுத்துகள் எல்லோருக்கும் பொதுச் சொத்துதானே என்று சமாளித்ததாக அவரே எழுதியிருக்கிறார். போலி புரொஃபைல் நேற்று வந்ததில்லை, பாருங்கள்.

இன்னொன்று கேளுங்கள். 1763-இல் லண்டனில் ஒரு வீடு எடுத்தார். தனிமை தாங்கவில்லை. வாசலில் ஒரு விளம்பரம் எழுதி மாட்டினார். மாடி அறை வாடகைக்கு உண்டு, வாடகை குறைவு, தனியாக இருக்கும் இளம்பெண்ணாக வேண்டும், ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும், பார்க்க யாரும் வரக்கூடாது. இது வீட்டு வாடகை விளம்பரமா? சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

மயக்கும் வித்தை

சரி, இவரிடம் அப்படி என்னதான் இருந்தது? அழகு மட்டும் என்று நினைத்தால் தப்பு. அவர் காது கொடுத்துக் கேட்டார். பெண்களைப் படிக்கவே விடாத அந்தக் காலத்தில், எதிரே இருக்கும் பெண் என்ன படிக்கிறாள், என்ன நினைக்கிறாள் என்று கேட்டவர்.

1749-இல் ஆன்ரியெட் என்ற பிரெஞ்சுப் பெண்ணைச் சந்தித்தார். ஆண் வேடத்தில், வயதான ஹங்கேரி நாட்டு அதிகாரி ஒருவரோடு பயணம் செய்துகொண்டிருந்தாள். அதிகாரிக்கு பிரெஞ்சு தெரியாது, அவளுக்கு அவர் பேசிய லத்தீன் தெரியாது. காஸனோவா மொழிபெயர்க்கப் போய் மனதைப் பறிகொடுத்தார். பார்மா நகரத்தில் மூன்று மாதம் சேர்ந்து இருந்தார்கள். அவளோடு பேசிக்கொண்டிருந்த பகல்களைத்தான் வயதான காலத்திலும் நினைத்து உருகினார். பிரிந்தது ஜெனீவாவில். தங்கியிருந்த விடுதியின் ஜன்னல் கண்ணாடியில், நீ என்னையும் மறந்துவிடுவாய் என்ற பொருளில் வைர மோதிரத்தால் கீறிவிட்டுப் போனாள். 1760-இல் மறுபடி அங்கே தங்கியபோது அந்தக் கீறல் அப்படியே இருந்ததாம். மறக்கவில்லை, பாவம். ஆனால் அவளைத் தேடியும் போகவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு முதல் பாடம் இங்கே இருக்கிறது. ஒரு மனுஷி பேசுவதைக் கவனமாகக் கேட்பதைவிடப் பெரிய வசியம் கிடையாது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் பேசும்போது இன்னொரு படத்தை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது வாய்க்காது.

நாணயத்தின் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் நான் வரலாற்று வாத்தியார் இல்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அவர் எழுதியதில் எண்ணிப் பார்த்தவர்கள் 120 பெண்களை ஒட்டிக் கணக்கு சொல்கிறார்கள். அதில் எல்லாமே காதல் இல்லை. ஊர்ஃபே சீமாட்டி என்ற வயதான பணக்காரப் பெண்மணியிடம், மந்திரத்தால் மறுபிறவியில் ஆணாகப் பிறக்க வைப்பேன் என்று சொல்லி வருடக்கணக்கில் பணம் கறந்தார். 1765-இல் ரஷ்யாவில், பெற்றோருக்கு 100 ரூபிள் கொடுத்து பதின்வயதுச் சிறுமி ஒருத்தியை விலைக்கு வாங்கினார். இதைக் காதல் லீலை என்று சொல்வது அநியாயம். இன்றைக்கு என்றால் அவர் இருக்க வேண்டிய இடம் வேறு. அந்தச் சிறுமி என்ன நினைத்தாள் என்று அவள் எழுதிய ஒரு வரியும் நம்மிடம் இல்லை. 12 பாகமும் மனிதரே எழுதியது. கேட்டவர், பார்த்தவர், தீர்ப்புச் சொன்னவர் எல்லாம் அவரே.

ஆனால் ஒரு பெண்ணின் எழுத்து தப்பிப் பிழைத்திருக்கிறது. அவள் பெயர் மனோன் பலெத்தி. பாரிஸில் நாடகக் குடும்பத்துப் பெண், காஸனோவாவின் நண்பரின் தங்கை. 1757-இல் அவளுக்கு 17 வயது, இவருக்கு 32. ஏற்கெனவே நிச்சயமாகியிருந்த வரனை இவருக்காக வேண்டாம் என்றாள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார். மூன்று வருடம் காத்திருந்தாள். ஏன் பதில் போடவில்லை, ஏன் நேற்று வரவில்லை, என்மேல் கோபமா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். கோபித்துக்கொள்வாள், மறுநாளே அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். நடுவில் அம்மாவும் இறந்துபோனார். இவரோ ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். 1760-இல் அவள் ப்ளோந்தெல் என்ற கட்டடக் கலைஞரைத் திருமணம் செய்துகொண்டாள். இவருடைய கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் கடிதங்களை எரித்துவிடச் சொன்னாள்.

அவர் எரிக்கவில்லை. அதனால்தான் நமக்குக் கிடைத்தன. அவர் பக்கத்தைப் படித்தால் மனோன் ஒரு இனிமையான அத்தியாயம். அவள் பக்கத்தைப் படித்தால் மூன்று வருட வேதனை. இன்றைக்கு வாட்ஸ்ஆப்பில் செய்தி போட்டுவிட்டு, நீல டிக் விழுந்தும் பதில் வராமல் இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணும் பையனும் மனோனின் கூடப்பிறந்தவர்கள்தான். தபால் வண்டி போய் செல்போன் வந்திருக்கிறது. காத்திருப்பின் வலி மட்டும் மாறவே இல்லை.

லண்டனில் அவருக்கே அது திரும்பிக் கிடைத்தது. ஷார்ப்பியோன் என்ற இளம்பெண் பணத்தை வாங்கிக்கொண்டு இவரை அலைய விட்டாள். 38 வயதுக் காதல் மன்னன் சட்டைப்பையில் ஈயத்தைப் போட்டுக்கொண்டு தேம்ஸ் நதியில் விழப் போனார். வழியில் வந்த நண்பர் ஒருவர் பேச்சுக்கொடுத்துக் கூட்டிப் போனதால் பிழைத்தார். அன்றோடுதான் தன் இறக்கம் தொடங்கியது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

கடைசி அறை

1774-இல் மன்னிப்புப் பெற்று வெனிஸ் திரும்பினார். வயிற்றுப்பாட்டுக்கு, தன்னைச் சிறையில் போட்ட அதே அதிகாரிகளுக்கு ஒற்றன் வேலை பார்த்தார். பிரான்செஸ்கா என்ற தையல்காரப் பெண் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். 1783-இல் மறுபடி ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் கடிதம் போட்டாள். வாடகைக் கஷ்டம், ஊர் நடப்பு, உடம்பு சௌகரியமா என்ற விசாரிப்பு. நம்ம வீட்டுப் பெண்கள் எழுதுகிற மாதிரியே!

1785 முதல் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், டுக்ஸ் மாளிகையில் நூலகர் வேலை. சுமார் 40,000 புத்தகங்களும் கேலி செய்யும் வேலைக்காரர்களும்தான் துணை. மன வாட்டத்தைப் போக்கிக்கொள்ள எழுதத் தொடங்கினார். ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூட எழுதினார். 1798 ஜூன் 4-ஆம் தேதி, 73 வயதில் அங்கேயே கண்ணை மூடினார். கையெழுத்துப் பிரதி சுமார் 3,700 பக்கம். 2010-இல் பிரான்சின் தேசிய நூலகம் அதை 70 லட்சம் யூரோ அளவில் விலை கொடுத்து வாங்கியது. மனோன், பிரான்செஸ்கா கடிதங்களும் அவர் விட்டுப்போன காகிதங்களோடு அந்த மாளிகையில்தான் இருந்தன. ஆக, பழைய கடிதங்களைக் கடைசிவரை வைத்திருந்தார். எழுதிய பெண்களில் ஒருத்தியும் பக்கத்தில் இல்லை.

இப்போது என் குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். எங்கள் விடுதிக் காஸனோவாவுக்குக் காதல் கடிதம் எழுத வராது. எழுதிக் கொடுத்தவன் நான். தமிழ் நன்றாக வரும் என்ற கர்வம். ஒரு பெண் அதை நம்பினாள். இறுதியாண்டு முடிந்ததும் அவன் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டான். அவள் கடிதங்கள் விடுதி முகவரிக்கே வந்துகொண்டிருந்தன. சான்றிதழ் வாங்கப் போனபோது விடுதிக் காவலாளி என்னிடம் ஐந்தாறு உறைகளைக் கொடுத்தார். நண்பனுக்கு அனுப்பினேன். அவன் பதில் போடவில்லை. அவன் வரமாட்டான், காத்திருக்காதேம்மா என்று ஒரு கார்டு நானாவது போட்டிருக்கலாம். போடவில்லை. நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன். மனோனைப் படித்தபோதுதான் அந்த உறைகள் ஞாபகம் வந்தன. இந்த மலர் அந்தச் சகோதரியின் கண்ணில் பட்டால், நாற்பது வருடம் தாமதமாக ஒரு மன்னிப்பு.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பழகுவது தப்பில்லை, பிடிக்காமல் போவதும் தப்பில்லை. ஆனால் வேண்டாம் என்றால், வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பதிலே போடாமல் காணாமல் போகாதீர்கள். காஸனோவாவிடம் ஊரை மயக்கும் பேச்சு இருந்தது. ஆனால் மனோனுக்கு, நான் உன்னை மணக்கப்போவதில்லை என்ற ஒரு வரியை எழுத அவருக்கு மூன்று வருடமும் போதவில்லை. உங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

சந்திப்பில் பார்ப்போம் நண்பர்களே. மெஸ் சாம்பாரைப் பற்றி அங்கே பேசிக்கொள்ளலாம்!