அறிவும் அருளும் கைகோத்த அன்னை ஐடா

நன்மை எது, தீமை எது என்று நமக்குக் காட்டுவது சமயமா, அறிவியலா? இப்படி ஒரு பட்டிமன்றம் வைத்தால் இரு அணியினரும் சளைக்காமல் வாதிடுவர். ஆனால் இவ்விரண்டையும் தம் இரு கண்களாகக் கொண்டு நம் தமிழ் மண்ணில் வாழ்ந்த மாதரசி ஒருவரின் வரலாற்றை அறிந்தால், ஒன்றை விட்டு மற்றொன்று போதாது என்பது விளங்கும். அவரே வேலூர் கிறித்தவ மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர்கள். சிறுமியாக இருந்தபோதே கொடிய பஞ்சத்தில் குழந்தைகள் பசியால் மடிவதைக் கண்டார். அந்தப் பிஞ்சு உள்ளம் அஞ்சியது. அமெரிக்காவில் படித்து அங்கேயே நலமாக வாழ வேண்டும் என்பதே அவர் ஆசை. 1890-இல் திண்டிவனம் வந்ததும் நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சில காலம் இருப்பதற்கே.

அங்கே ஓர் இரவில் மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். அவர்களுள் ஒருவர் பிராமணர், மற்றொருவர் முஸ்லிம். மூவருடைய மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடா தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்வது முறையன்று என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிந்தபோது அப்பெண்கள் மூவரும் இறந்த செய்தி வந்தது.

தோழியரே, இங்கே நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். அம்மூவரும் கொடியவர்கள் அல்லர். மனைவியைக் காக்க இருளில் ஓடி வந்தவர்கள். வழக்கத்தை மீறாமல் இருப்பதே அறம் என்று நம்பினார்கள். மறுபுறம், மருத்துவ அறிவு அந்த வீட்டிலேயே இருந்தது. ஆனால் அது அப்பெண்களின் அறைக்குள் நுழைய வழியில்லை. அறிவு வாயிலில் நின்றது. உயிர் உள்ளே பிரிந்தது.

ஐடா அவர்களைப் பழிக்கவில்லை. அந்த இரவை இறைவனின் அழைப்பாகவே ஏற்றார். செபத்தோடு நின்றுவிடாமல் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒரு சிறு அறையில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. தாம் ஒருவர் போதாது என்பதை உணர்ந்து, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்களால் இப்படிப்பில் தேற முடியுமா என்று ஐயுற்றோர் பலர். 1922-இல் முதல் தொகுதி மாணவியர் 14 பேர் படிப்பை முடித்து வெளிவந்தனர்.

தொழுநோயைப் பாவத்தின் தண்டனை என்று உலகம் ஒதுக்கி வைத்தது. அது ஒரு கிருமியால் வருவது என்று 1873-இல் ஹான்சன் கண்டறிந்தார். வேலூரில் டாக்டர் பால் பிராண்டு 1940-களின் இறுதியில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் சீர்படுத்தத் தொடங்கினார். பிறவிக் குருடனைப் பார்த்து இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர் கேட்டபோது, இரண்டுமல்ல என்று நம் ஆண்டவர் விடையளித்ததை நாம் நற்செய்தியில் படிக்கிறோம். அறிவியலும் பின்னாளில் அதே கருணையின் பக்கம் நின்றது.

நம் திருச்சபையிலும் ஒரு காலத்தில் கன்னியர் பேறுகால மருத்துவம் செய்ய அனுமதி இல்லை. டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன், அன்னை அன்னா டெங்கல் போன்றோரின் இடைவிடாத முயற்சிக்குப் பின், 1936-இல் அந்தத் தடை நீங்கியது. தாய்மாரின் உயிரே பெரிது என்று திருச்சபை உணர்ந்ததன் அடையாளம் இது.

ஆனால் அறிவியல் மட்டும் போதுமா? கருவில் உள்ள குழந்தையின் நலம் காக்க வந்த ஸ்கேன் கருவியையே, பெண் சிசு என்று அறிந்து அழிக்கவும் சிலர் பயன்படுத்தினர். அதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பிறப்பது ஆணா பெண்ணா என்பது தந்தையின் அணுவைப் பொறுத்தது என்று உயிரியல் பாடத்தில் நாம் கற்கிறோம். பெண் பெற்றாள் என்று தாயைப் பழிப்பது அறியாமை என்று அறிவியல் கூறும். அந்தப் பெண்ணுயிரும் இறைவன் தந்தது, அதைத் தொடாதே என்று சொல்வதோ மனச்சான்று. இரண்டும் வேண்டும்.

போடியிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டங்களில் உழைத்து, மாலையில் இறங்கும் தாய்மாரை நாம் அறிவோம். மலையில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதையும் அறிவோம். அந்த மூன்று தட்டல்கள் இன்னும் ஓயவில்லை.

ஐடா அம்மையார் 1960 மே மாதம், நம் மலைகளுக்கு அண்மையிலுள்ள கோடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார். ஓடிவிட நினைத்த நாட்டிலேயே அறுபது ஆண்டுகள் தொண்டு புரிந்தார். நம்முள் சிலரேனும் மருத்துவராகவும் செவிலியராகவும் இம்மலையடிவாரத்திற்கே திரும்பி வருவோமாக. தட்டும் ஓசை கேட்கும்போது எழுந்து செல்லும் அறிவையும், செல்லத் தூண்டும் அன்பையும் இறைவன் நமக்கு அருள்வாராக!