இராவ்சாகிப் ஆபிரகாம் பண்டிதர்

இரண்டு சுரங்கள் ஒருங்கே ஒலிக்குங்கால் அவற்றிடையுள்ள தூரத்தை அளந்து, இஃது இசைந்தது, இது பிறழ்ந்தது என்று தீர்ப்பது செவியோ? கணக்கோ? இவ்வினாவிற்கே தம் பொருளையும் ஆயுளின் பிற்பகுதியையும் ஈந்த ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள், தென்காசிக்கு அணித்தாகிய சாம்பவர்வடகரையில் கிறிஸ்தவக் குடியிற் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்துச் சடையாண்டிப் பட்டரிடம் பிடில் பயின்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரை அடுத்து மருந்து முறைகளை அறிந்தார். 1882 இல் மணம் புரிந்து, மனைவியாரும் தாமுமாகத் தஞ்சையில் ஆசிரியத் தொழில் இயற்றினார். பின்னர் அதனை விடுத்து மருத்துவத்தையே மேற்கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டினார். அவர்தம் கோரோசனை மாத்திரையின் புகழை விரிப்பின் ஏடு பெருகும், இசைக்கே வருவோம்.

1912 இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைத் தம் செலவில் வரவழைத்துச் சுருதி விசாரணை நடத்தினார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்பது சார்ங்கதேவர் வழிவந்த கொள்கை. பண்டிதரோ சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் ஆராய்ந்து, சுருதிகள் 24 என்றும், அவை ஒரே விகிதத்தால் ஏறுவன என்றும் வாதித்தார். 1916 இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டில், தம் புதல்வியரைக் கொண்டு அவற்றை இசைத்துக் காட்டினார். எண்ணைத் தாளில் நாட்டியதோடு அமையாது, கேட்போர் செவிக்கு முன்னும் அதனை நிறுத்திய இத்துணிவையே யாம் பெரிதும் வியக்கின்றோம்.

ஆயினும் யாம் ஐயுற்ற இடம் ஒன்று உண்டு. எம் ஊராகிய வீரபாண்டியில் பனியன் பின்னும் பொறிகள் இரவும் பகலும் ஒரே சுருதியில் முழங்குவன. அம்முழக்கத்தையே ஆதார சட்சமாகக் கொண்டு இளமையிற் பாடிப் பழகினோம். (அண்டை வீட்டார் பொறுமை பெரிது.) பஞ்சமம் சேர்ந்தால் இரண்டொலியும் ஒன்றாய்க் கரையும், சிறிது பிறழின் நடுக்கம் தோன்றும். இயற்கைப் பஞ்சமம் சட்சத்திற்கு 3க்கு 2 என்னும் விகிதத்தது. ஸ்தாயியை 1200 கூறாக்கினால் அது 702 ஆம் கூற்றில் நிற்கும். பண்டிதரின் பதினான்காம் சுருதி நிற்பது 700இல். இவ்விரண்டு கூற்று வேற்றுமையைச் செவி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அந்தர காந்தாரத்திலோ இயற்கை 386, சமபங்கு 400. தம்பூரா ஒலிக்கப் பாடிப் பழகிய செவி இதனை உணரும். ஆர்மோனியத்தில் வளர்ந்த செவியோ அதனையே செம்மை என்னும். காதின் நத்தைச்சுருள் ஒலிகளைப் பகுத்து நரம்பின்வழி அனுப்ப, மூளை தான் முன் கேட்டுப் பழகிய இடங்களோடு ஒப்பிட்டே அவற்றிற்குப் பெயரிடுகின்றது. பொலிவியாவின் த்சிமானே மக்கள் நாம் இணக்கம் என்பதையும் பிணக்கம் என்பதையும் ஒன்றுபோலவே விரும்பினர் என 2016 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எனவே, சமபங்கே இயற்கை என்னும் பண்டிதர் கூற்றை எம்மால் முற்றும் ஏற்க இயலவில்லை. அவர் கணக்கு இல்லையேல் இவ்வேற்றுமையை அளக்கவும் யாம் கற்றிரேம்.

அவ்வாராய்ச்சி முழுவதும் 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாயிற்று. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அதனை முடித்து ஈராண்டு சென்றபின், 1919 ஆகஸ்டு 31 ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். இராகங்களைப் பற்றிய இரண்டாம் பாகம் அச்சேறியது 1946 இல். அதனைப் பதிப்பித்தவர் அவர் மகளார் மரகதவல்லி அம்மையார்.