தேவதாசி முறையை எதிர்த்த டாக்டர்... யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு தரும் நிதியுதவித் திட்டத்தின் பெயர் நம்ம எல்லாருக்கும் தெரியும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். பெயர் தெரியும். ஆனா, அந்த டாக்டர் யார்?

புதுக்கோட்டை டூ மெட்ராஸ்

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி, அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர்.

பெண் குழந்தைக்குச் சீக்கிரமே கல்யாணம் பண்ணி வைப்பதுதான் அன்றைய வழக்கம். முத்துலட்சுமிக்கோ படிப்பு மேல்தான் ஆசை. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊருக்குள் எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்த பிறகே இடம் கிடைத்தது.

1907இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டர் ஆனார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். அதுவும் சும்மா இல்லை. தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்து, அதற்கு அவர் ஒப்புக்கொண்ட பிறகே சம்மதித்தார்.

சட்டமன்றத்தில் என்ன நடந்தது?

மருத்துவத் தொழில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மெட்ராஸ் சட்டமன்ற மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் இவர்தான். மேலவையின் துணைத் தலைவராகவும் ஆனார்.

1927இல் அங்கே அவர் கையில் எடுத்ததுதான் தேவதாசி முறை. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அது. அப்படிப் பொட்டுக் கட்டிய பெண்ணுக்குத் திருமண வாழ்க்கை கிடையாது. பலர் பணக்காரர்களின் பிடியில் சிக்கினார்கள். இதைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார் முத்துலட்சுமி.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பழமைவாதிகளிடமிருந்து மட்டும் இல்லை, தேவதாசிப் பெண்களில் ஒரு பிரிவினரிடமிருந்தும் வந்தது. எங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று அரசுக்கு மனு கொடுத்தார்கள். அந்தப் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தடை வந்துவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

காரணம், கோயில் சேவைக்கு ஈடாகப் பல குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. சேவை தொடர்ந்தால்தான் நிலம் கையில் இருக்கும். அதற்காகவே அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக் கட்ட வேண்டிய நிலை. 1929இல் அவர் முயற்சியால் வந்த சட்டம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. இனி சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம்!

பொட்டுக் கட்டுவதையே முழுமையாகத் தடை செய்யும் சட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் வந்தது 1947இல். அவர் தீர்மானம் கொண்டுவந்து 20 வருஷம் கழித்து!

கதவைத் தட்டிய சிறுமிகள்

1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். அதே ஆண்டு, தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சில சிறுமிகள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டுக்கே வந்தார்கள். பொட்டுக் கட்டிக்கொள்ள மறுத்து வெளியே வந்தாச்சு. ஆனா, தேவதாசி வீட்டுப் பிள்ளைகள் என்பதால் விடுதிகளில் சேர்க்க மறுத்துவிட்டார்கள்.

முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம். தங்க இடம், படிப்பு, சொந்தக் காலில் நிற்க ஒரு தொழில் என ஆதரவற்ற பெண்களுக்கு இன்றும் அது துணையாக இருக்கிறது.

தங்கையின் மரணம் தந்த மருத்துவமனை

தன் தங்கை புற்றுநோயால் இறந்ததை அவர் மறக்கவே இல்லை. பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் வெறும் 12 படுக்கைகள். இன்று நாடு முழுவதும் இருந்து நோயாளிகள் தேடி வரும் இடம். 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22ஆம் தேதி காலமானார்.

இன்றைக்கு ஏன் இவர் முக்கியம்?

படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிடிக்காத வாழ்க்கையிலிருந்து வெளியே வரலாம். இன்று பெண்களுக்கு இதற்கெல்லாம் சட்டம் இருக்கு. ஆனா வெளியே வந்த பெண் அன்று ராத்திரி எங்கே தங்குவாள்? அடுத்த மாதச் செலவுக்கு என்ன செய்வாள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததாலேயே பல பெண்கள் இன்றும் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். முத்துலட்சுமி தீர்மானத்தோடு நிற்கவில்லை. நிலத்தைக் கையில் கொடுத்தார், வீட்டுக் கதவையும் திறந்து வைத்தார். உரிமை என்பது அப்போதுதான் முழுசாகிறது.