ஜிம் கார்பெட்டும் அவர் துப்பாக்கியும்

பெரியாற்றுக் காட்டின் ஓரத்திலும் பறம்பிக்குளம் மலையடியிலும் வாழும் நமக்குப் புலி புதிய பெயரன்று. அந்தப் புலியைத் தேடித் துப்பாக்கியுடன் அலைந்து, பின்னர் அதன் காவலராக மாறியவர் ஜிம் கார்பெட்.

இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலில் 1875ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் அலுவலர். கார்பெட் சிறுவராக இருந்தபோதே காலமானார். கார்பெட்டின் முதல் துப்பாக்கி இரட்டைக்குழலுடையது. ஒரு குழல் வெடித்திருந்ததால் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது! பின்னர் மாணவர் படையில் இரவலாக ஒரு ரைஃபிள் கிடைத்தது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைத் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கிருந்தது.

ரைஃபிள் என்பது யாது? அதன் குழலின் உட்புறத்தில் திருகுபோல் வளைந்த தடங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே செல்லும் குண்டு பம்பரம்போல் சுழன்று, நிலை தடுமாறாமல் நேரே பாயும். ரவைத் துப்பாக்கியின் குழலோ வழவழப்பானது. அதிலிருந்து சிதறும் ரவைகள் பறவைக்குப் போதும்; பெரும் விலங்கைக் கொல்லா, காயமே செய்யும்.

அத்தகைய காயம் எத்துணைக் கொடியது என்பதைச் சம்பாவத் ஊரில் அவர் கண்டார். நேபாளத்திலும் குமாவுன் மலையிலுமாக 436 பேரைக் கொன்ற பெண்புலி அங்குத் திரிந்தது. 1907இல் அதனை எதிர்கொண்டபோது அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். ஒன்று வீணாயிற்று, இரண்டு பட்டன. புலியோ விழவில்லை. அவர் ஓடிச்சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்து சுட்டார். அக்குண்டு புலியின் பாதத்தில்தான் பட்டது. முன்பே பட்ட குண்டுகளால் புலி உயிர் நீத்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றோ யாரோ குறிதவறிச் சுட்டதன் விளைவு அது. மானைப் பிடிக்க இயலாத புலி மனிதரைத் தேடியது.

அவ்வெற்றிக்காக மாகாணத் துணை ஆளுநர் ஹியூவெட், ரிக்பி நிறுவனத்தின் ரைஃபிள் ஒன்றைப் பரிசளித்தார். அதன் குண்டு ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் பருமனே உடையது. புலி வேட்டைக்கு இது சிறிதென்று பலர் எண்ணுவர். ஆயினும் சிறிய குண்டைச் சுடும் துப்பாக்கி தோளை அதிகம் உதைக்காது, குறியும் பிசகாது. 1926இல் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை இரவில், குழலில் பொருத்திய மின்விளக்கின் ஒளியில் அவர் சுட்டது இத்துப்பாக்கியால்தான். 1930இல் சௌகட் புலியை எதிர்ப்பட்டபோது அவருடைய இடக்கையில் பறவை முட்டைகள் இருந்தன! துப்பாக்கி இலேசாக இருந்ததால் ஒரு கையாலேயே சுட முடிந்தது.

காலப்போக்கில் அவர் துப்பாக்கியைவிடப் படக்கருவியையே மிகுதியாக ஏந்தினார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய அவரும் துணைநின்றார். 1947இல் கென்யா சென்ற அவர், 1955இல் அங்கேயே மறைந்தார். பின்னர் அப்பூங்காவிற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. சம்பாவத் புலியைக் கொன்றதற்கான பரிசு எனப் பொறித்த தகட்டுடன், அந்த ரைஃபிள் இன்று அதனைச் செய்த நிறுவனத்திடமே உள்ளது.