எழுத்தைச் செய்த வெள்ளித் தட்டார்

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்தவன் நான். முதல் செமஸ்டர் முழுக்க வகுப்பில் வாய் திறக்கவில்லை. இங்கிலீஷ் தப்பாப் போயிடுமோன்னு பயம். அப்போது நூலகத்தில் ஒதுங்கிய ஒரு மதியம்தான் செக்வோயாவின் கதை கையில் கிடைத்தது. மலருக்குக் கட்டுரை கேட்டதும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

1770-களில், இன்றைய அமெரிக்காவின் டென்னசி பகுதியில் பிறந்தவர். தாய் செரோக்கி பழங்குடிப் பெண். தந்தை வெள்ளையர் என்பார்கள். வளர்த்தது தாய்தான். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. கால் ஊனம். வெள்ளி வேலை, கொல்லு வேலை செய்து பிழைத்தார். வெள்ளைக்காரர்கள் பேச்சைக் காகிதத்தில் அனுப்புவதைப் பார்த்து, நம்ம பாஷைக்கு இது ஏன் முடியாதுன்னு 1809 வாக்கில் ஆரம்பித்தார்.

முதலில் ஒரு சொல்லுக்கு ஒரு குறி. அது ஆயிரக்கணக்கில் பெருகியது. யார் ஞாபகம் வைப்பது? டிசைனே தப்பு என்று விட்டுவிட்டார். பிறகு சொற்களை அசை அசையாகப் பிரித்தார். நம் உயிர்மெய் மாதிரி ஓர் அசைக்கு ஓர் எழுத்து. 86 எழுத்துகளில் மொழி அடங்கிவிட்டது. முதல் மாணவி அவருடைய சின்ன மகள் அயோக்கா.

1821-ல் பெரியவர்கள் இதை மந்திர வேலை என்று சந்தேகப்பட்டார்கள். அப்பாவையும் மகளையும் பிரித்து வைத்து, ஒருவர் எழுதியதை மற்றவரைப் படிக்கச் சொன்னார்கள். சோதனையில் இருவரும் ஜெயித்தார்கள்.

அப்புறம் சில வருஷத்திலேயே ஆயிரக்கணக்கானோர் கற்றுக்கொண்டனர். மேற்கே அர்க்கன்சாவுக்குப் போய்விட்ட உறவுகளோடு கடிதப் போக்குவரத்து தொடங்கியது. 1828-ல், பாஸ்டனில் வார்த்த அச்செழுத்துகளோடு 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற இருமொழிப் பத்திரிகை வெளிவந்தது.

எழுத்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. 1835-ல் ஜார்ஜியா படையினர் அந்த அச்சு இயந்திரத்தைப் பறித்துக்கொண்டார்கள். 1838-39-ல் மக்களையே மண்ணிலிருந்து விரட்டினார்கள். சுமார் 4,000 பேர் மாண்டனர். முன்பே மேற்கே குடியேறியிருந்த செக்வோயா, புதிதாக வந்தவர்களையும் பழையவர்களையும் ஒன்றுசேர்க்கப் பாடுபட்டார். மெக்சிகோவுக்குச் சிதறிப்போன தம் மக்களைத் தேடிப் போன இடத்தில் 1843-ல் இறந்தார். அவர் எழுத்துகள் 1999-ல் யூனிகோடில் இடம்பெற்றன.

வெளி மாநிலத்தில் வளரும் என் மகள் தமிழ் பேசுவாள், படிக்க வராது. நேரமில்லைன்னு தள்ளிப்போட்டது நான்தான். பள்ளிக்கூடமே போகாத ஒரு தட்டார் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வாரம் ஒரு மணி நேரம் கிடைக்காதா? இப்போது ஞாயிறுதோறும் பாட்டிக்கு ஒரு கடிதம். போன வாரம் 'பாட்டி'யில் ஒரு 'ட்' விட்டுப்போச்சு. திருத்தாமலே அனுப்பினேன். அம்மா அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

தம்பிகளே, தங்கைகளே, சந்தேகம் வந்தால் தெரிந்த பாஷையில் கேளுங்கள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.