கண்ணாடிக் கலைஞர் எமில் காலே

இடைநிலைப்பள்ளியில் வேதியியலை மலாய்மொழியில் படித்தவன் நான். கண்ணாடி என்றால் சிலிக்கா, சோடா, சுண்ணாம்பு என்று தேர்வுக்காக மனனம் செய்ததோடு சரி. அதே கண்ணாடியைக் கொண்டு ஒருவர் தம் ஊராரோடு வழக்காடினார் என்று பின்னாளில் அறிந்தபோது வியப்பாக இருந்தது. அவர்தாம் பிரான்சு நாட்டின் எமில் காலே. அவரது முத்திரை பொறித்த கிண்ணங்களையும் சாடிகளையும் சேகரிப்போர் இன்றும் ஏலத்தில் போட்டியிட்டு வாங்குகின்றனர். விலையைவிட அவரது வாழ்க்கைதான் என்னை ஈர்த்தது.

காலே 1846-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் லொரேன் வட்டாரத்தின் நான்சி நகரில் பிறந்தார். தந்தை சார்ல் காலே கண்ணாடி, பீங்கான் பொருள்களை விற்ற வணிகர். மகனுக்கோ செடிகொடிகள்மீது தீராத காதல். ஜெர்மனியின் வைமார் நகரில் கல்வி கற்றபின், மெய்செந்தால் என்னும் ஊரின் கண்ணாடி ஆலையில் தொழில் பழகினார். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது தாமாகவே முன்வந்து படையில் சேர்ந்தார்.

போரில் பிரான்சு தோற்றது. 1871-இல் அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. நான்சி பிரான்சிலேயே தங்கியது. மெய்செந்தால் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. 1877-இல் தந்தையின் வணிகத்தை ஏற்ற காலே, இழந்த மண்ணில் இருந்த அந்த ஆலையிலேயே தம் கண்ணாடிகளைத் தொடர்ந்து வார்ப்பித்தார். நான்சியில் அவருக்கென்று சொந்த உலை அமைந்தது 1894-இல்தான். இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. பின்னர் வருவது இதை வைத்தால்தான் விளங்கும்.

அவரது கலை எப்படிப்பட்டது? வெவ்வேறு நிறக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, மேலடுக்கை அமிலத்தால் அரித்தோ சக்கரத்தால் செதுக்கியோ அடியிலுள்ள நிறத்தை வெளிக்கொணர்வது ஒரு முறை. 1898-இல் அவர் காப்புரிமை பெற்ற முறை இன்னும் கடினமானது. தச்சர்கள் மரத்தில் வேறு மரத்துண்டுகளைப் பதிப்பதுபோல, சூடாக இளகிய கண்ணாடியில் நிறக்கண்ணாடித் துண்டுகளை அழுத்திப் பதிப்பது அது. ஒவ்வொரு நிறக் கண்ணாடியும் குளிரும்போது ஒவ்வோர் அளவில் சுருங்கும். அதனால் பல நாள் உழைப்பு ஒரே நொடியில் விரிசல் விட்டுப் போவதுண்டு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலே உலைமுன் நின்று ஊதியவர் அல்லர். அவர் வரைந்தார், திட்டமிட்டார், கண்டிப்பாக மேற்பார்த்தார்; ஊதியதும் செதுக்கியதும் அவரது தொழிலாளர்களின் கைகள். கிண்ணத்தில் இருப்பதோ ஒரே பெயர். எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால், பூக்களை அவர் அறிந்ததுபோல் அறிந்த கண்ணாடி வணிகர் வேறெவரும் இருந்ததாகத் தெரியவில்லை. நான்சி தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் அவர்; ஆர்க்கிட் மலர்களைப் பற்றி ஆய்வும் எழுதியவர்.

1889-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் பெரும்பரிசு வென்றார். அங்கே ரைன் நதியைக் கருவாகக் கொண்ட மேசை ஒன்றையும் வைத்தார். இழந்த மண்ணை மறக்கவில்லை என்பதே அதன் பொருள். நாட்டுப்பற்றாளர்கள் மகிழ்ந்தார்கள்.

அடுத்து வந்தது டிரைஃபஸ் வழக்கு. 1894-இல் யூத இராணுவ அதிகாரியான ஆல்ஃபிரட் டிரைஃபஸ், ஜெர்மனிக்கு இரகசியங்களை விற்றதாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தீவுச்சிறைக்கு அனுப்பப்பட்டார். எல்லையோர நகரமான நான்சியில் ஜெர்மனி என்ற பெயரே நெருப்பு. அந்த ஊரில், போருக்குப் போய்வந்த ஒரு நாட்டுப்பற்றாளர் இராணுவத்தின் பக்கம் நிற்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். காலே டிரைஃபஸின் பக்கம் நின்றார். மனித உரிமைக் கழகத்தின் நான்சிக் கிளையில் பணியாற்றினார். நண்பர்கள் விலகினார்கள், வாடிக்கையாளர்களும் குறைந்தார்கள். அழகுப்பொருள் விற்பவருக்கு வாடிக்கையாளரின் மனக்கசப்பு எத்தகைய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை.

அவர் அத்தோடு நிற்கவில்லை. 1900-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு, ஓவியர் விக்டர் புரூவேயின் துணையோடு, கறுப்பு மனிதர்கள் என்று பெயரிட்ட சாடியைக் கொண்டுவந்தார். இருளிலிருந்து எழும் கரிய உருவங்கள் பொய்யையும் வெறியையும் குறித்தன. பூச்சாடி வாங்க வந்தவர்களுக்கு முன்னால் அதை வைக்கத் துணிச்சல் வேண்டும். அவ்வாண்டும் பரிசுகள் அவரைத் தேடி வந்தன.

1901-இல் நான்சிக் கலைஞர்களை ஒன்றிணைத்த நான்சிப் பள்ளி என்னும் அமைப்புக்குத் தலைவரானார். ஆனால் இரத்தப் புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1904-இல் உருவான தும்பிக் கிண்ணம் அவரது கடைசிப் படைப்புகளுள் ஒன்று. காலுள்ள அக்கிண்ணத்தைப் பெரிய தும்பி ஒன்று பற்றிக்கொண்டிருக்கும்; உடல் புடைத்து நிற்க, சிறகுகள் கண்ணாடிக்குள்ளேயே கரைவதுபோல் தோன்றும். அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அரும்பொருளகத்தில் உள்ளது. படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆயினும் நெடுநேரம் பார்த்திருக்கிறேன்.

அதே ஆண்டு செப்டம்பர் 23-இல், 58-ஆவது வயதில் காலே மறைந்தார். டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1906-இல். அதைக் கேட்க அவர் இல்லை.

ஆலையை மனைவி ஹென்றியெட் ஏற்று நடத்தினார். கணவர் மறைந்தபின் சில ஆண்டுகள் அங்கே செய்த பொருள்களில், காலே என்ற கையொப்பத்தின் அருகே சிறிய நட்சத்திரம் ஒன்றும் பொறிக்கப்பட்டது. இன்று காலேயின் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர், பெயரைப் பார்த்ததும் அடுத்தபடியாகத் தேடுவது அந்த நட்சத்திரத்தைத்தான்.